நீ யார்? உனக்கு எது அனுமதி? – துண்டிலிருந்து கடவுச்சொல் வரை

 

கொஞ்சம் நீண்ட பதிவு. தேத்தண்ணி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் பழைய மாணவி ஒருத்தி பாடசாலைக்கு ஓடி வந்தாள். டிக்கோயாவுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் அம்மா கொழுந்து எடுக்கிறார். பிள்ளை உயர்தரம் முடித்துவிட்டு மேற்படிப்புக்கு ஒன்லைனில் விண்ணப்பித்திருந்தாள். நேர்முகப் பரீட்சைக் கடிதத்தை அதே தளத்துக்குள் போய்த்தான் எடுக்க வேண்டும். கடவுச்சொல் பிழை என்கிறது. மறந்துவிட்டது என்று அழுத்தினால், ஆறு இலக்கக் குறியீட்டைப் போனுக்கு அனுப்பியிருக்கிறோம் என்கிறது. அவளுடைய போனுக்கு ஒன்றுமே வரவில்லை. கையில் இருந்ததோ இரண்டே நாள்.

"ஃபோர்ம நிரப்பினது யார் மகள்?"

"டவுன்ல கொமியூனிகேஷன் கடை அண்ணன் சேர்."

அவர் தன் போன் இலக்கத்தையும் தன் மின்னஞ்சலையும் போட்டுக் கணக்கைத் திறந்திருக்கிறார். கெட்ட எண்ணமில்லை. பிள்ளையிடம் அப்போது சொந்தமாகப் போன் இருக்கவில்லை, உதவியாகத்தான் செய்தார். இப்போது அந்த சிம் தொலைந்துவிட்டது. பெயர் அவளுடையது, பெறுபேறு அவளுடையது, திறப்பு மட்டும் இன்னொருவர் கையில்.

அன்று ஆசிரியர் அறையில் நாங்கள் பேசிக்கொண்டது இதுதான்: இந்த மலையில் இது புதுக் கதை இல்லை. பழைய கதைதான், இப்போது கணினிக்குள் வந்திருக்கிறது.

*இரண்டு கேள்விகள்*

எந்த இணையத் தளமும் வாசலில் நம்மிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. முதலாவது: நீ யார்? பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போனுக்கு வரும் குறியீடும் இதற்கான பதில்கள். இரண்டாவது: உனக்கு எது அனுமதி? பாடசாலைத் தளமென்றால் வகுப்பாசிரியர் தன் வகுப்புப் புள்ளிகளைப் பதியலாம், அதிபர் எல்லா வகுப்புகளையும் பார்த்து ஒப்புதல் கொடுக்கலாம், பெற்றோர் தம் பிள்ளையின் அறிக்கையை மட்டும் பார்க்கலாம்.

இரண்டும் வெவ்வேறு என்பதால் இணையத்தின் பிழை இலக்கங்களும் வெவ்வேறு. 401 என்று வந்தால் "நீ யாரென்று எனக்கு உறுதியாகவில்லை" என்று பொருள். 403 என்று வந்தால் "உன் கோரிக்கை விளங்குகிறது, ஆனால் அனுமதி இல்லை" என்று பொருள். 403 வரும் இடத்தில் கடவுச்சொல்லை நூறு தரம் மாற்றினாலும் கதவு திறக்காது. நம்மில் பலர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று குழம்பினால் மனிதருக்கு என்ன நடக்கும் என்பதற்குப் பாடம் படிக்க நாம் அமெரிக்கா போகத் தேவையில்லை. நம் லயங்களின் வரலாறு போதும்.

*தகர வில்லை, துண்டு, பேர்*

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகக் கிராமங்களிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்களின் கையில் ஒரு தகர வில்லை இருந்தது. டின் டிக்கட் என்பார்கள். அதில் தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறிக்கப்பட்டிருக்கும். வழிச் செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் விழும். ஆளின் பெயரைவிட, எந்தத் தோட்டத்துக்குச் சேர வேண்டிய ஆள் என்பதுதான் அதில் முக்கியம்.

இன்னொன்று துண்டு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் பழைய துரை எழுதிக் கொடுக்கும் கடதாசி. இன்னாரின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று அதில் இருக்கும். தொழிலாளியின் பெயர், ஆனால் துண்டை வைத்துத் தோட்டம் தோட்டமாகப் பேரம் பேசியவர்கள் கங்காணிமார். ஆளின் அடையாளமும் கடனும் ஒரே தாளில், அந்தத் தாள் இன்னொருவர் மடியில். 1921இல்தான் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

செக்ரோல் இன்றும் நமக்குத் தெரிந்தது. விடியலில் பெரட்டுக்குப் போய், பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். முழுப் பேர், அரைப் பேர் என்று நாளையே பெயரால் அளக்கும் பேச்சு நம் தோட்டங்களில் உண்டு. அரைப் பேர் போட்டுவிட்டார்கள் என்று அழுதபடி வந்த பாட்டிமாரை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். ஆக, தோட்டம் தன் ஆட்களை மிக நன்றாக அறிந்திருந்தது. நாள் தவறாமல், அரை நாள் தவறாமல் எழுதி வைத்திருந்தது. தொழிலாளி என்ற ஒரேயொரு பாத்திரத்தில் மட்டும்.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் பலர் பாராளுமன்றம் போனார்கள். நுவரெலியாவிலிருந்து தொண்டமான், தலவாக்கலையிலிருந்து சி.வி. வேலுப்பிள்ளை. அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. லயத்து அறையில் பிறந்து, பிறப்புப் பதிவே இல்லாத தகப்பனுக்கு எங்கே போய்ச் சான்றிதழ் எடுப்பது? செக்ரோல் புத்தகத்தில் ஆயுள் முழுக்கப் பெயர் இருந்தவரை, நீ யார் என்று கேட்டு நிறுத்தினார்கள். ஒருபோதும் கொடுக்காத கடவுச்சொல்லைக் கேட்பது போல.

1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் விடுபடாமல் இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டும். 2 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தமிழகக் கரையிலிருந்து வந்து மலைநாட்டு நகரங்களில் கடை வைத்திருந்த நம் முஸ்லிம் வியாபாரிகளும் இதே வரிசையில்தான் நின்றார்கள். ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. அதே 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜை அல்லாதவர் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1952 தேர்தலில் காங்கிரஸ் சார்பில் ஒருவர்கூடப் போகவில்லை.

*இயந்திரத்துக்கு வந்த பூட்டு*

கணினிக்குக் கடவுச்சொல் வந்தது இதற்குப் பிறகுதான். 1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவர் தலைமையில் ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பாவிக்கும் முறையைச் செய்து காட்டினார்கள். ஒருவர் கோப்பை மற்றவர் பார்க்காதிருக்க ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள்.

அது சீக்கிரமே உடைந்தது. 1962இல் அலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்குத் தந்த கணினி நேரம் போதாமல், கடவுச்சொற்கள் எல்லாம் இருந்த கோப்பையே அச்சடித்து எடுத்துவிட்டார். 1966இல் இன்னொரு கூத்து: ஒரு மென்பொருள் கோளாறால், அன்றைய அறிவித்தல் வர வேண்டிய இடத்தில் எல்லோருடைய கடவுச்சொற்களும், உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்தன. எல்லாத் திறப்புகளையும் ஒரே பெட்டியில், அப்படியே வாசிக்கக்கூடியதாக வைத்ததுதான் பிழை. 1979இல் ராபர்ட் மொரிஸும் கென் தொம்ப்ஸனும் எழுதிய கட்டுரை, கடவுச்சொல்லைத் திரும்பப் பெற முடியாதபடி உருமாற்றிச் சேமிக்கும் வழியை விளக்கியது. ஒழுங்காகக் கட்டிய தளத்தில் இன்று உங்கள் கடவுச்சொல் நிர்வாகிக்கே தெரியாது. ஆகவே போனில் அழைத்து அதைக் கேட்பவர் யாராக இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

*கடைசி எழுத்து*

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கில் எடுத்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பிறகு பார்ப்போம் என்று. 1974இல் அந்த மிச்சத்தைப் பாதி பாதியாகப் பிரித்தார்கள்.

இதற்கிடையில் 1972இல் தேசிய அடையாள அட்டை வந்தது. பழைய அட்டையை எடுத்துப் பாருங்கள்: ஒன்பது இலக்கம், கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து. 'வி' என்றால் வாக்களிக்கத் தகுதியுள்ளவர், 'எக்ஸ்' என்றால் இல்லாதவர். நீ யார் என்ற பதிலுக்குள்ளேயே உனக்கு எது அனுமதி என்பதையும் ஒட்டிவிட்டார்கள். தகுதி மாறினால் இலக்கமே மாற வேண்டும். அட்டையை நீட்டும் ஒவ்வொரு கவுண்டரிலும் ஒருவரின் வாக்குரிமை நிலை வெளியே தெரியும். கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது: பதவியைப் பயனர் பெயரோடு ஒட்டாதே. பெயர் ஆயுளுக்கும் நிற்கும், பதவி மாறும்.

1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் மிச்சக் கதவுகளைத் திறந்தன. 2003 சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்தவருக்கும் அவர் சந்ததிக்கும் ஒரு பிரகடனத்தின் பேரில் பிரஜாவுரிமை தந்தது. ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் துணையோடு நடந்த இயக்கத்தில் 10 நாட்களில் சுமார் 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் பிரஜைகளானார்கள். ஆட்கள் அதே ஆட்கள், லயம் அதே லயம். மாறியது கேட்ட கேள்வி மட்டும். 2016 ஜனவரியில் வந்த 12 இலக்க அடையாள எண்ணில் அந்தக் கடைசி எழுத்து இல்லை.

*பாத்திரமும் ஆளும்*

1992இல் டேவிட் பெராயோலோ, ரிச்சர்ட் குன் என்ற இருவர் ஒரு கட்டுரை வாசித்தார்கள்: அனுமதியை ஆளுக்குக் கொடுக்காதே, பாத்திரத்துக்குக் கொடு; ஆளைப் பாத்திரத்தில் அமர்த்து. 1996இல் ரவி சந்துவும் உடனிருந்தவர்களும் அதை விரிவாக்கினார்கள், 2004இல் அமெரிக்கத் தர நியமமானது. இதில் ஒரு விதி உண்டு: எழுதுபவரும் ஒப்புதல் கொடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

பெரிய கங்காணியை நினைத்துப் பாருங்கள். ஆள் பிடித்தவர் அவர், முற்பணம் கொடுத்தவர் அவர், கடன் கணக்குச் சொன்னவர் அவர், ஆளுக்காகத் துரையிடம் பேசியவரும் அவர். எல்லாப் பாத்திரமும் ஓர் ஆளிடம் சேர்ந்தால் கணக்கைச் சரிபார்க்க ஒருவரும் மிஞ்சமாட்டார். ஒரே கடவுச்சொல்லை முழு ஆசிரியர் குழாமும் பாவிக்கும் பாடசாலைகளில் நடப்பதும் இதுதான். ஒரு பிள்ளையின் புள்ளி மாறினால், மாற்றியது யார் என்று கேட்க வழியில்லை.

*உள்ளே போக முடியாவிட்டால்*

முதலில் எந்தக் கேள்வியில் நின்றுவிட்டது என்று பாருங்கள்.

முதல் கேள்வி என்றால்: பெரிய எழுத்து, சிறிய எழுத்து சரியா? அடையாள அட்டையின் கடைசி எழுத்தைச் சிறிதாக அடித்தாலே சில தளங்கள் மறுக்கும். ஒட்டும்போது பின்னால் ஓர் இடைவெளி சேர்ந்துவிட்டதா? விசைப்பலகை தமிழில் நிற்கிறதா? கணக்கைத் திறந்தது பழைய ஒன்பது இலக்கத்திலா, புதிய பன்னிரண்டிலா? குறியீடு போவது யாருடைய போனுக்கு?

இரண்டாவது கேள்வி என்றால் கடவுச்சொல்லைத் தொடாதீர்கள். நிர்வாகியிடம் போய், என் கணக்குக்கு எந்தப் பாத்திரம் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். இடமாற்றத்தில் வந்த ஆசிரியருக்குப் பழைய பாடசாலையின் பாத்திரமே ஒட்டிக்கொண்டிருக்கும். மாற்றிக் கொடுத்த பிறகும் திறக்காவிட்டால் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள். பழைய அமர்வு பழைய அனுமதியையே நினைவில் வைத்திருக்கும். ஆள் போனதும் அவர் அனுமதியை எடுத்துவிட மறக்காதீர்கள்.

எங்கள் மாணவிக்கு நடந்தது முதல் கேள்வியின் சிக்கல். அடையாள அட்டைப் பிரதி, எங்கள் கடிதம், பல தொலைபேசி அழைப்புகள். கடைசி நாள் பின்னேரம் இலக்கத்தை மாற்றிக் கொடுத்தார்கள். கடிதம் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். கடை அண்ணனும் கூடவே நின்று, நடந்ததை எழுதிக் கையொப்பம் வைத்துத் தந்தார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வழி தெரியாதவர்களுக்கு நடுவில் வழி தெரிந்த ஒருவர் இருந்தால், எல்லோருடைய துண்டும் அவர் மடியில்தான் சேரும்.

ஆகவே ஆசிரியர்களுக்கும் படித்த அண்ணன் அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள், ஆனால் பிள்ளையின் சொந்த இலக்கத்தில், பிள்ளையின் சொந்த மின்னஞ்சலில். கடவுச்சொல்லை அவளே அடிக்கட்டும், நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். சாதாரண தரப் பரீட்சை எழுத முன்னரே ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்த மின்னஞ்சல் திறந்து கொடுப்பதை இந்த வருடம் எங்கள் பாடசாலையில் தொடங்கியிருக்கிறோம்.

வீட்டில் பழைய துண்டோ, தகர வில்லையோ, பிரஜாவுரிமைப் பத்திரமோ இருந்தால் பத்திரமாக வையுங்கள், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கதையைக் கீழே எழுதுங்கள், வாசிக்கக் காத்திருக்கிறோம். அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் இங்கே போட்டுவிடாதீர்கள்.