மூப்பரும் அண்ணாவியாரும்: கற்பிட்டிக் கரையில் பொதுநிலையினர் பணி

குறிஞ்சிப்பிட்டி எனும் ஊர் அமைந்துள்ள, இலங்கையின் கற்பிட்டித் தீபகற்பத்தில், குருக்கள் இல்லாத காலத்திலும் கத்தோலிக்கத் திருச்சபை அறுபடாமல் நின்றது. ஊரவர் தமக்குள் பகிர்ந்துகொண்ட பணிகளே அதற்குக் காரணம். போர்த்துக்கேயர் காலத்தில் இக்கரையில் இயேசு சபையார் பணி செய்தனர். ஒல்லாந்தர் 1658இல் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை விதித்து, அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என அறிவித்தனர். கற்பிட்டியில் 1667 முதல் 1676 வரை கோட்டையும் கட்டினர். கடனீரேரியின் மறுகரையிலிருந்த புத்தளமோ கண்டி அரசனின் ஆட்சியில் இருந்தது. கோவாவிலிருந்து 1687இல் யாழ்ப்பாணம் வந்து மறைவாக உழைத்த யோசேப் வாஸ் அடிகள் பின்னர் புத்தளம் வந்து, 1692இல் கண்டிக்குச் சென்றார்.

பரந்த நாட்டில் விரல்விட்டு எண்ணத்தக்க குருக்களே இருந்தமையால், ஓர் ஊர் குருவின் முகத்தைக் காண்பதே அரிதாயிற்று. எனவே கோயில்தோறும் பொதுநிலையினருக்குப் பொறுப்புகள் வகுக்கப்பட்டன. மூப்பர் கோயிலின் உடைமைகளையும் திருவிழாச் செலவையும் கவனித்தார். ஊர்ப் பிணக்குகளைத் தீர்த்தார். அண்ணாவியார் ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொன்னார், பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பித்தார், சாகுந்தறுவாயில் இருந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், மரணப் படுக்கையருகே நின்று செபித்தார். சங்கிலித்தாம் பீடத்தையும் மணியையும் பார்த்துக்கொண்டார். குருவுக்கு ஏவல் செய்யும் உதவியாளர்களாக மட்டும் இவர்களைக் கருதுவது பெரும் பிழை. குரு வரும்வரை விசுவாசத்தைக் காத்தவர்கள் இவர்களே. குரு வந்தபோது அவரை மறைத்துக் காத்தவர்களும் ஊரவரே.

இவர்கள் கையில் வாசிக்க நூல் வேண்டியிருந்தது. 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி அக்குறையைத் தீர்த்தார். அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் கோயில்களில் உருக்கமாக வாசிக்கப்பட்டுவந்தது. குரு இல்லாத சபைக்கு அண்ணாவியாரின் குரலே மறையுரையாயிற்று. கொன்சால்வெஸ் 1742இல், இன்றைய புத்தளம் மாவட்டத்திலுள்ள போலவத்தையில் காலமானார்.

பிரித்தானியர் 1806இல் தடைச் சட்டங்களை நீக்கினர். சிலாபம் மறைமாவட்டம் 1939இல் உருவானது. குருக்கள் பெருகப் பெருக அண்ணாவியாரின் இடம் சுருங்கியது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–1965) பிறகு பங்குப் பேரவை, அன்பியம் எனும் சிறு அயலவர் குழு முதலியவற்றின் வழியே பொதுநிலையினர் பொறுப்பு புதிய வடிவில் திரும்பியது. மரியாயின் சேனை, வின்சென்ட் தி போல் சபை ஆகியன நோயாளர் வீட்டுக்கும் வறியோர் வீட்டுக்கும் செல்கின்றன. வேதனம் இல்லாத இந்த உழைப்பு கணக்கேடுகளில் பெரும்பாலும் பதிவாவதில்லை. ஆயினும் பங்கின் உயிர் அதில்தான் இருக்கிறது.

மீன்பிடி ஊர்களில் உறவும் பணியும் பிரியாதவை. கரைவலையை ஒருவரால் இழுக்க முடியாது. கோயில் திருவிழாவும் அப்படியே. கொடியேற்றம் முதல் திருச்சொரூப பவனி வரை பந்தல், அலங்காரம், பாடல், சமையல் என ஆளுக்கொரு வேலை அமைகிறது. இதன் பெரிய வடிவத்தை இதே தீபகற்பத்திலுள்ள தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தில் காணலாம். மார்ச்சிலும் ஆகஸ்ட்டிலும் நடக்கும் அதன் திருவிழாக்களுக்குக் குடும்பம் குடும்பமாக வந்து தங்குவோர் சமைப்பதும் உண்பதும் அயலாரோடுதான். தமிழர், சிங்களவர் இரு சாராரின் மொழிகளிலும் அங்கே வழிபாடு நடைபெறுகிறது.