பால் வெட்டிய கையும் எண் படித்த கண்ணும்

முதியோரும் இளையோரும் ஒருவரையொருவர் அறியாதவரென்று இகழ்வது எங்கும் காணப்படும் வழக்கமே. “கிழவர்க்கு இயந்திரம் தெரியாது” என்பர் ஒரு சாரார். “பிள்ளைகட்கு உலகம் தெரியாது” என்பர் மற்றொரு சாரார். இவ்வழக்கில் நீதி எப்பக்கம் உளது? நம்மவர் உழைத்த இரப்பர்த் தோட்டத்தின் வரலாற்றையே சான்றாகக் கொண்டு சிறிது ஆராய்வோம்.

இரப்பர் மரம் இந்நாட்டிற்கு உரியதன்று. 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்பார் பிரேசில் நாட்டு அமேசான் காட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை இங்கிலாந்திற்குக் கொண்டு சென்றார். அவை கியூ பூந்தோட்டத்தில் விதைக்கப்பட்டன. மறு ஆண்டில் 22 நாற்றுக்கள் சிங்கப்பூரை அடைந்தன. அமேசான் காட்டில் மரத்தைச் சிறு கோடரியாற் கொத்திப் பால் எடுப்பர்; மரம் புண்பட்டு நலியும். 1888-இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் தலைவராக வந்த ரிட்லி, பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே வெட்டை மறுமுறையும் புதுக்கிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். நூல்களில் அவர் பெயர் நின்றது, நியாயமே. ஆயினும், பெருந்தோட்டங்களில் அம்முறையை நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் நிறைவேற்றிய கைகளிற் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். அவற்றின் பெயரை எந்நூலும் எழுதவில்லை.

அக்கைகள் அறிந்தது சிறிதன்று. பட்டைக்கும் உள்மரத்திற்கும் நடுவே வளர்படலம் ஒன்று உண்டு. கத்தி அதைத் தொடாமல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்றல் வேண்டும். தொட்டால், புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளர்ந்து பின்னர்க் கத்திக்கு இடங்கொடாது. ஆழம் குறைந்தாலோ பால் குறையும். விளக்கைத் தலையிற் கட்டிக்கொண்டு, இருட்டில், கொசுக்கடியில், அந்த ஒரு மில்லிமீட்டரை விரலால் அளந்தனர் நம் தாய்மார்.

வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து செல்வதேன்? பால்குழல்கள் நேரே ஏறாமல் சிறிது வலஞ்சாய்ந்து ஏறுகின்றன. ஆதலால் இவ்வாறு வெட்டினால் மிகுதியான குழல்கள் அறுபடும். விடியுமுன் வெட்டுவதேன்? வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக விட, குழல்களின் அழுத்தம் தளர்ந்து பாலோட்டம் குன்றும். செயலை நம் முதியோர் பழுதறச் செய்தனர். காரணத்தையோ அவருட் பெரும்பாலோர்க்கு எவரும் கூறவில்லை.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருள்ள தோட்டம் பள்ளி நடத்தவேண்டுமென்று 1923-ஆம் ஆண்டின் தொழிற்சட்டம் விதித்தது. அப்பள்ளிகள் தமிழெழுத்தைத் தந்தன. தொழிலின் நூல்களோ ஆங்கிலத்தில் இருந்தன. 1925-இல் இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பெற்றது. அதன் சோதனை நிலம் செலாயாங்கிற்கு அண்மையிலுள்ள சுங்கை பூலோவில் அமைந்தது. ஆராய்ச்சி அருகில் இருந்தது. லயத்து வீட்டிற்கு மட்டும் அது தொலைவில் இருந்தது.

இங்கே கிராணியாகிய யான் எம் வகுப்பாரைப் பற்றி ஓர் உண்மை கூறல் வேண்டும். பாலில் இரப்பர் எவ்வளவு என்பதை மெட்ரொலாக் என்னும் மிதவைக்கோலால் அளப்பர். இரப்பர் நீரினும் இலேசானது. ஆகவே பால் கெட்டியானால் கோல் ஆழ அமிழும், நீர்த்திருந்தால் உயர்ந்து நிற்கும். எடைக்குக் கூலி தந்த இடங்களில் அவ்வெண்ணே கூலியை நிர்ணயித்தது. எண்ணைப் படித்தவர் ஒருவர். வாளியோடு காத்து நின்றவர் வேறொருவர். படித்தவர் நேர்மையுடையவராகவே இருந்தாலும், நின்றவர்க்கு அதைச் சரிபார்க்க வழியில்லை. அறிவில் வேற்றுமை என்பதன் முழுப்பொருள் இதுவேயாகும்.

நிற்க. காலம் மாறிற்று. யான் கணக்கெழுதும் தோட்டத்தில் இன்று நிற்பது செம்பனை. சுங்கை பூலோச் சோதனை நிலத்தின் பெரும்பகுதி நகரமாகி வருகின்றது. 2016 முதல் அங்கே மின்ரயில் ஓடுகின்றது. செலாயாங்கில் எம் அடுத்த வீட்டில் ஒரு மூதாட்டியார் உளர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரம் வெட்டியவர். அவருடைய வங்கிக் கணக்கைப் பேரன் கைத்தொலைபேசியிற் பார்த்துச் சொல்வான். “பாட்டிக்கு ஒண்ணும் தெரியாது” என்று சிரிப்பதும் உண்டு. ஒருநாள் அவ்வம்மையார் என்னிடம் கூறினார்: “அன்னிக்குக் கிராணி சொன்ன எடை, இன்னிக்குப் பேரன் சொல்ற கணக்கு. ரெண்டையும் நான் படிச்சுப் பார்த்ததில்ல, தம்பி.”

அச்சொல் என்னைச் சுட்டது. பேரன் நல்ல பிள்ளை. எனினும், தான் அறியாமலே அவ்வீட்டின் கிராணியாகிவிட்டான். மறுநாள் அவனை அழைத்து எழுத்தைப் பெரிதாக்கச் செய்தேன். இலக்கங்களை அவ்வம்மையார் முன்பே அறிவார். எங்கே பார்ப்பதென்பதே தெரியாதிருந்தது. சில நாட்களில் தம் கணக்கைத் தாமே படித்தார். பின்னர்ப் பேரன் வினவ, வாழைத்தண்டொன்றை நிறுத்தி, சமையற்கத்தியால் வெட்டின் சாய்வைக் காட்டினார். அச்சாய்வின் காரணத்தை யான் நூலிற் படித்தவாறு கூறினேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், “இதை அப்பவே சொல்லியிருக்கலாமே” என்றார்.

நேயர்களே, இவ்வொரு சொல்லுக்கு நம்மிடம் விடை உண்டா? முதியோர் அறியாதவரல்லர், அறிவிக்கப்படாதவர். அன்று துரைமாரும் கிராணிமாரும் செய்த பிழையை இன்று படித்த பிள்ளைகளாகிய நாம் நம் வீட்டிலேயே செய்யலாகாது. கருவியைக் கையிற் பிடுங்கி நாமே முடித்துக் கொடுப்பது உதவியன்று. காரணத்தோடு கற்பிப்பதே உதவி. முதியோரும் “எனக்கெதற்கு?” என்று ஒதுங்காது கேட்டல் வேண்டும். அவர் கையறிந்தவற்றை இளையோர் உடனே தமிழில் எழுதி வைத்தல் வேண்டும். மரங்கள் வீழ்ந்தன, வெட்டிய கைகளும் ஒவ்வொன்றாய் ஓய்கின்றன. கேட்பதற்கு நாள் மிகுதியாக இல்லை.