நேர்கோட்டின் நடுவே ஓர் ஊர்: கொழும்பு – யாழ்ப்பாணம் – சென்னை வான்வழி

நிலப்படத்தில் இரத்மலானையிலிருந்து சென்னைக்கு ஒரு நேர்கோடு வரைவோமாயின், அது பலாலிக்கு மிக அண்மையாகவே செல்லும். இரத்மலானையிலிருந்து பலாலி ஏறத்தாழ 330 கிலோமீற்றர். அங்கிருந்து சென்னை ஏறத்தாழ 355 கிலோமீற்றர். ஆகவே, கொழும்புக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட வான்வழியின் நடுப்பகுதி யாழ்ப்பாணமே எனலாம்.

இவ்வழியின் தொடக்க வரலாறு இப்புவியியலுக்கு இசைந்தே அமைந்தது. 1935 நவம்பரில் இரத்மலானையில் முதன்முதலாக இறங்கிய விமானம் சென்னையிலிருந்தே வந்தது. அதற்கு முன்னர் புகையிரதமும் தலைமன்னார் – தனுஷ்கோடிக் கப்பலும் மாறிச் சென்னையை அடைவதற்கு ஒரு நாளுக்கு மேல் வேண்டியிருந்தது. 1947 டிசம்பர் 10ஆந் திகதி எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் சேவை தொடங்கியபோது, அதன் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து நேரே சென்னைக்குச் செல்லவில்லை. காங்கேசன்துறை என அந்நாளில் வழங்கிய பலாலியில் இறங்கியே சென்றது. டக்கோட்டாவின் வேகம் மணிக்கு 270 கிலோமீற்றர் எனக் கொண்டால், வானிற் கழிந்த நேரம் மூன்று மணித்தியாலத்திற்குள் அடங்கிவிடும். சுதந்திரத்திற்கு இரண்டு மாதங்களுக்கு முன் தொடங்கிய நாட்டின் முதல் விமானச் சேவையில் யாழ்ப்பாணம் ஒரு தரிப்பிடமாக இருந்தது என்பது இன்று பலர் அறியாத செய்தி.

பின்னர் போர் வந்தது; பலாலி படைத்தளமாயிற்று. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதமும் நின்றது. சென்னைக்குச் செல்ல விரும்பிய யாழ்ப்பாணத்தவர் முதலில் 400 கிலோமீற்றர் தெற்கே கொழும்புக்கு வந்து, கட்டுநாயக்காவிலிருந்து மீண்டும் 650 கிலோமீற்றர் வடக்கே பறக்கவேண்டியிருந்தது. 355 கிலோமீற்றரைக் கடக்க ஆயிரத்துக்கு மேற்பட்ட கிலோமீற்றர்! விமானங்களின் வேகம் பெருகிய காலத்திலேயே எம்மவரின் பயணம் நீண்டது. எனவே, பயண நேரத்தை இயந்திரத்தின் வேகத்தை மட்டும் கொண்டு அளத்தல் வரலாற்று மாணவனுக்குப் பொருந்தாது.

கொழும்புக்கு வருவதும் எளிதாயிருக்கவில்லை. 1998 செப்டெம்பர் 29ஆந் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் விமானம் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் பயணம் அது. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபின், பாதுகாப்பு அனுமதிக்கும் ஆசனத்திற்கும் காத்திருந்தோர் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை விடுதிகளில் நாட்களை எண்ணினர். அக்காத்திருப்பு எந்தக் கால அட்டவணையிலும் இடம்பெறவில்லை. ஆயினும் அதுவும் பயண நேரமே அன்றோ?

2009இல் வீதி திறந்தது. 2014 ஒக்டோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரிற் சென்னைச் சேவை தொடங்கிற்று. கொள்ளைநோயால் 2020இல் நின்ற அச்சேவை 2022 டிசம்பரில் மீண்டது. இறங்குவது சிறிய ஏ.ரீ.ஆர். விமானம், பயணம் ஒன்றேகால் மணித்தியாலமளவே.

வெள்ளவத்தையிற் காலி வீதியோரம் இரவில் யாழ்ப்பாணப் பேருந்துக்குக் காத்து நிற்போரிடையே, மறுநாள் பலாலியிற் சென்னை விமானம் ஏறப்போகும் ஒருவரும் இருக்கக்கூடும். அவர் வடக்கே செல்வதற்கு வடக்கு நோக்கியே புறப்படுகிறார்.