கோபுரம் பொறித்த வெள்ளி

கடலூரும் சிதம்பரமும் அடங்கிய பழைய தென்னார்க்காட்டு ஜில்லாவின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவர்கள், அங்கே நின்ற கோட்டைகளையும் நடந்த யுத்தங்களையும், கோயில்களையும் அவற்றின் சாஸனங்களையும் பற்றி விஸ்தாரமாக எழுதிவிட்டு, அந்த ஜில்லாவின் குடியானவனும் நெசவாளியும் வர்த்தகனும் மடியில் முடிந்து வைத்திருந்த நாணயங்களைப் பற்றி இரண்டொரு வரிகளோடு நிறுத்திக்கொள்வது வழக்கமாக இருந்து வருகிறது. ஆயினும் ஒரு தேசத்தில் அரசு மாறியதையும், மாறிய அரசைக் குடிகள் எவ்வளவு தூரம் நம்பினார்கள் என்பதையும், நாணயத்தைப் போல் நேராகச் சொல்லும் சாட்சி வேறில்லை. அத்தகைய சாட்சிகளுள் தலையாயதென்று நான் கருதுவது, 1808-ஆம் ஆண்டையொட்டிச் சில வருஷங்கள் மட்டும் சென்னைத் தங்கசாலையில் அடிக்கப்பட்டு, இன்று நாணயம் சேகரிப்போர் பெருவிலை கொடுத்துத் தேடும் அரை வராகன் என்னும் பெரிய வெள்ளிக் காசு. வெள்ளிச் சுரங்கமே இல்லாத சோழமண்டலக் கரையில் அவ்வளவு பெரிய வெள்ளிக் காசு எவ்விதம் தோன்றியது, ஏன் மறைந்தது, மறைந்தபின் ஏன் இவ்வளவு பேர் அதை நாடுகிறார்கள் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

கடலூர்க் கரைக்கு வெள்ளியை இழுத்து வந்தது துணி. செஞ்சியில் ஆண்ட மராட்டிய மன்னர் ராஜாராமிடமிருந்து 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை இங்கிலீஷ் கம்பெனியார் விலைக்கு வாங்கி, பீரங்கிக் குண்டு சென்று விழுந்த எல்லைவரை உள்ள கிராமங்களைத் தமதாக்கிக்கொண்டு, அதற்குச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டபோது, அவர்களுடைய முதல் நோக்கம் சுற்றுப்புறத்துத் தறிகளில் நெய்த துணியைக் கொள்முதல் செய்வதாக இருந்தது. இங்கிலாந்திலிருந்து அவர்கள் கொண்டுவந்த கம்பளித் துணிக்கு நம் வெயிலில் கிராக்கி இல்லை. ஆகவே துணிக்கு ஈடாக வெள்ளியையே கொடுக்க நேர்ந்தது. அந்த வெள்ளியில் பெரும்பகுதி மெக்ஸிகோவிலும் தென்னமெரிக்க மலைகளிலும் வெட்டியெடுக்கப்பட்டு, ஸ்பெயின் அரசனின் முத்திரையுடன், சுமார் 27 கிராம் எடையுள்ள டாலர்களாக ஐரோப்பாவை அடைந்து, அங்கிருந்து கப்பலேறி வந்தது.

அந்தக் காலத்தில் இந்தக் கரையில் ஒரே நாணய முறை நிலவவில்லை. பரங்கிப்பேட்டைத் துறைமுகத்தின் பெயராலேயே வழங்கிய பொன் வராகன் ஒரு பக்கம்; ஆர்க்காட்டு நவாபின் அனுமதி பெற்று 1736 முதல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும், 1742 முதல் சென்னைச் சிந்தாதிரிப்பேட்டையில் இங்கிலீஷ்காரரும் அடித்த ஆர்க்காட்டு ரூபாய் மற்றொரு பக்கம்; சில்லறைக்குப் பணமும் காசும் வேறு. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்று சென்னைக் கம்பெனியார் கணக்கு வைத்திருந்தாலும், கடைவீதியில் ஒரு நாணயத்தின் மதிப்பை நிர்ணயித்தவர்கள் சராப்புகள் என்னும் நாணயச் சோதகர்களே. எடை, மாற்று, தேய்மானம் ஆகிய மூன்றையும் சோதித்து, வட்டம் என்னும் கழிவு எவ்வளவு பிடிப்பது என்று அவர்கள் சொன்னதே தீர்ப்பு. கையில் பணமிருந்தும் அதன் உண்மையான பெறுமதி இன்னதென்று தெரியாமல், கிஸ்தி கட்டும் நாளில் குடியானவன் சராப்பின் முகத்தைப் பார்த்து நின்ற நிலைமை நெடுங்காலம் நீடித்தது.

இதற்கிடையில் யுத்தங்கள் மூண்டன. 1781 ஜூன் மாதத்தில், மைசூர் ஹைதர் அலியின் படையினர் அரணாகக் கொண்டிருந்த சிதம்பரம் கோயிலைக் கம்பெனியின் சேனாபதி சர் அயர் கூட் தாக்கித் தோல்வியுற்றுப் பின்வாங்கினார். ஜூலை முதல் தேதி பரங்கிப்பேட்டையில் நடந்த போரில் அவரே வெற்றி பெற்றார். 1801-இல் ஆர்க்காட்டு நவாபின் கர்நாடக ராஜ்யம் முழுவதும் கம்பெனியின் நேர் நிர்வாகத்துக்கு வந்தது. தென்னார்க்காடு ஒரு ஜில்லாவாகிக் கலெக்டரின் அதிகாரத்துக்கு உட்பட்டது. வர்த்தகர்களாக இருந்தவரையில் பலவகை நாணயங்களோடு காலந்தள்ளிய கம்பெனியாருக்கு, நிலவரி வாங்கும் அரசாக மாறியவுடன், ஊரெங்கும் தகராறின்றிச் செல்லும் நாணயம் இன்றியமையாததாயிற்று. 1807-இல் சென்னைத் தங்கசாலையில் புதிய யந்திரங்கள் இயங்கத் தொடங்கின. அவற்றின் வாயிலாக வெளிவந்த வரிசையில்தான் அரை வராகனும் கால் வராகனும் பிறந்தன.

அரை வராகனைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அதன் அமைப்பை மறக்க மாட்டார்கள். ஒரு புறத்தில் நிலைகள் அடுக்கிய கோயில் கோபுரம், அதன் இருமருங்கிலும் விண்மீன்கள், சுற்றிலும் இங்கிலீஷிலும் பாரசீகத்திலும் நாணயத்தின் பெயர். மறுபுறத்தில் விஷ்ணுவின் திருவுருவம், அதைச் சூழ்ந்து ‘அரை பூவராகன்’ என்று தமிழிலும், அதே பொருளில் தெலுங்கிலும் எழுத்துக்கள். இங்கிலாந்து ராஜாவின் தலை அதில் இல்லை. மொகலாய பாதுஷாவின் பெயரும் இல்லை. அது இன்ன ஊர்க் கோபுரம் என்று நாணயம் சொல்லவில்லை. ஆனால் ஏழு நிலைக் கோபுரங்கள் நான்கை நாள்தோறும் கண்டு வாழ்ந்த சிதம்பரத்துக்காரர் தம் ஊர்ச் சாயலை அதில் கண்டிருந்தால் அதில் வியப்பில்லை. கோயிலைப் பீரங்கி கொண்டு தாக்கிய அதே கம்பெனி, முப்பது ஆண்டு கழிவதற்கு முன்னரே, குடிகளின் நம்பிக்கையைப் பெறும் பொருட்டுக் கோபுரத்தையும் தெய்வத்தையும் அவர்களது எழுத்தையும் தன் நாணயத்தில் பொறிக்க வேண்டியதாயிற்று என்பதில், படைபலத்தால் மட்டும் ஒரு நாணயத்தைச் செலாவணியாக்க முடியாது என்ற பேருண்மை அடங்கியிருக்கிறது.

இந்த நாணயத்தின் உடலும் சரித்திரம் பேசுவதே. வராகன் ஒன்றுக்கு மூன்றரை ரூபாய் என்ற விகிதப்படி, அரை வராகன் ஒன்றேமுக்கால் ரூபாயாகி, எடையில் சுமார் 21 கிராம் நின்றது. அதற்கு வேண்டிய வெள்ளித் தட்டுகளைப் புதிதாக வார்ப்பதற்குப் பதிலாக, கைவசமிருந்த ஸ்பானிய டாலர்களை எடை குறைத்து, அவற்றின்மேலேயே புதிய அச்சை இறக்கியதும் உண்டு. அதே காலத்தில் அடிக்கப்பட்ட ஆர்க்காட்டு இரட்டை ரூபாயும் இத்தகையதே. 1759-இல் மாண்ட இரண்டாம் ஆலம்கீர் பாதுஷாவின் பெயரையும் ஹிஜிரி 1172 என்ற ஆண்டையும் தாங்கிய அது, சுமார் 24 கிராம் எடையுள்ளது. அச்சு முழுமையாகப் பதியாத காசுகளில், பாரசீக எழுத்துக்கோ கோபுரத்துக்கோ அடியில் ஸ்பெயின் முத்திரையின் மிச்சம் தெரிகிறது. அமெரிக்கச் சுரங்கம், ஸ்பெயின் அரசு, ஐரோப்பியக் கப்பல், சோழமண்டலத் தறி ஆகிய அனைத்தையும் பிணைத்த வர்த்தகம் ஒரே வட்டில் வெளிப்படக் காண்பதனால்தான், அடியச்சு தெரியும் நாணயங்களைச் சேகரிப்போர் தனி ஆர்வத்துடன் நாடுகிறார்கள்.

அரை வராகனின் ஆயுள் நீடிக்கவில்லை. வெள்ளி ரூபாயையே ஆதார நாணயமாக்க வேண்டும் என்று கம்பெனியின் டைரக்டர்கள் 1806-இலேயே எழுதியிருந்த யோசனை, 1818 ஜனவரி முதல் சென்னை ராஜதானியில் அமலுக்கு வந்தது. வராகன், பணம், காசு என்ற கணக்கு ரூபாய், அணா, பைசாவுக்கு இடம் விட்டது. 1835-இல் இந்தியா முழுவதற்கும் ஒரே ரூபாய் ஏற்பட்டு, நான்காம் வில்லியம் அரசரின் தலை அதில் இடம்பெற்றது. செல்லாத வெள்ளிக் காசுக்கு உலோகத்தின் விலை மட்டுமே மிஞ்சும். தட்டானின் உலை அதற்கு எப்போதும் திறந்தே இருக்கும். தப்பிய காசுகளுள் பல, வளையம் பற்றவைக்கப்பட்டு, திருவுருவத்தின் பொருட்டுக் கழுத்தில் அணியப்பட்டன. சில பூஜைப் பெட்டியில் தங்கின. இவ்வளவு எண்ணிக்கைதான் அடிப்பது என்று எவரும் வரம்பு கட்டி அறிவிக்காத இந்த நாணயம், உருக்கப்பட்டும் தேய்ந்தும் தொலைந்தும் தானே அபூர்வமாயிற்று.

அதைச் சேகரிக்கும் அபிமானம் நேற்று முளைத்ததன்று. சர் வால்டர் எலியட் தென்னிந்திய நாணயங்களைப் பற்றி 1886-இல் நூல் வெளியிட்டார். காப்டன் டஃப்னெல் 1889-இல் தென்னிந்தியாவில் நாணயம் சேகரிப்போருக்கென்றே ஒரு கைந்நூல் எழுதினார். சென்னை மியூஸியத்தின் எட்கர் தர்ஸ்டன் 1890-இல் கம்பெனி நாணயங்களின் சரித்திரத்தை வெளியிட்டார். இன்று அரை வராகனை ஆராய்பவர்கள் விண்மீன்களின் எண்ணிக்கை, எழுத்தின் அளவு, அலங்கார விளிம்பு முதலிய நுண்ணிய பேதங்களைக் கணக்கிட்டு வகை பிரிக்கிறார்கள். எடை சரியாக உள்ளதா, வார்ப்புப் போலியா, வளையம் எடுத்த தழும்பு உண்டா, புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கப்பட்டதா என்று பார்த்தே விலை பேசுகிறார்கள். தேய்த்து மின்னச் செய்த காசைவிட, காலத்தின் கருமை படிந்த காசுக்கே அவர்களிடம் மதிப்பு அதிகம். முன்பு சராப்பு வெள்ளியைச் சோதித்தான். இவர்கள் காசு கடந்து வந்த வாழ்க்கையைச் சோதிக்கிறார்கள்.

நம் காலத்தில் பெரிய வெள்ளிக் காசு வேறொரு வடிவில் திரும்பியிருக்கிறது. 1940-இல் யுத்த நெருக்கடியில் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைந்து, ஐம்பது பங்கு வெள்ளி, நாற்பது பங்கு செம்பு, ஐந்தைந்து பங்கு நிக்கலும் துத்தநாகமும் கொண்ட கலவை வந்தது. சில ஆண்டுகளில் அதுவும் மறைந்து, ரூபாய் நிக்கலாயிற்று. சுதந்திர இந்தியா 1969-இல் காந்தியடிகளின் நூற்றாண்டுக்குப் பத்து ரூபாய் வெள்ளி நாணயம் வெளியிட்டது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு நிறைவையொட்டி 2010-ஆம் ஆண்டைத் தாங்கிய ஆயிரம் ரூபாய் நாணயம், 35 கிராம் எடையும் எண்பது விழுக்காடு வெள்ளியும் கொண்டது. கலைஞர் கருணாநிதியின் நூற்றாண்டு நினைவாக 2024 ஆகஸ்டு 18-ஆம் தேதி சென்னையில் வெளியான நூறு ரூபாய் நாணயமோ அந்த 1940-ஆம் ஆண்டுக் கலவையையே கொண்டது. சிதம்பரத்துக்கு அணித்தேயுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தில் 2025 ஜூலை 27-இல் ராஜேந்திர சோழன் நினைவு நாணயமும் வெளியிடப்பட்டது. அண்மையில் வெளிவந்த இத்தகைய நாணயங்கள் கடைவீதிக்கு வருவதில்லை. பெரும்பாலும் முன்பதிவு செய்தோருக்கே முகமதிப்பைவிட மிகுந்த விலைக்குக் கிடைக்கின்றன, விரைவில் கைமாறி மேலும் விலை ஏறுவதும் உண்டு.

நம் கோயிலும் நம் அரசர்களும் நாணயத்தில் பொறிக்கப்படுவது பெருமைக்குரியது. அவற்றை ஆசையோடு வாங்கி வைப்பவர்களின் அன்பு மெய்யானது. எனினும் குறைந்த எண்ணிக்கையில் வெளியிடப்படுவதால் வரும் அருமைக்கும், ஒரு சமூகத்தின் கைகளில் புழங்கி எஞ்சியதால் வரும் அருமைக்கும் தராதரம் உண்டு என்பதை அவர்கள் மறத்தலாகாது. முன்னது விலையைத் தரும். பின்னது விலையோடு அறிவையும் தரும். அந்த அறிவு காசில் மட்டும் இல்லை. எந்த ஊரில், எந்த நிலத்தில், எந்தக் காசுகளோடு சேர்ந்து கிடைத்தது என்ற செய்தியிலும் இருக்கிறது. செய்தி அழிந்துவிட்டால் மிஞ்சுவது வெள்ளித் துண்டே.

ஆகவே, மண்ணில் கிடைக்கும் புதையலைக் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டுமென்ற 1878-ஆம் ஆண்டுச் சட்டமும், நூறாண்டு கடந்த நாணயங்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் நம் அறிவுச் செல்வத்தைக் காக்கும் வேலிகளென்று உணர வேண்டும். கடலூர்ப் பழைய நகரிலும் பரங்கிப்பேட்டையிலும் சிதம்பரத்து மாடவீதிகளிலும் உள்ள குடும்பங்கள், பாட்டியின் பெட்டியிலுள்ள பழங்காசை உருக்கவோ தேய்க்கவோ முற்படாமல், அதை எடையிட்டுப் படமெடுத்து, வந்த வழியையும் எழுதி வைத்தால், வாங்கும் சேகரிப்பாளரும் அக்குறிப்பைக் காசோடு சேர்த்தே பேணினால், சாஸனங்கள் சொல்லாத சரித்திரத்தில் பெரும்பகுதியை இந்த ஜில்லா தன் வீடுகளிலிருந்தே மீட்டெடுத்துவிடும்.