முட்டுக்கட்டையும் கை பிரேக்கும்

யாராவது ஒரு நல்ல காரியத்தைத் தடுத்தால் "முட்டுக்கட்டை போடுகிறான்" என்கிறோம். அந்தச் சொல்லின் பழைய பொருள் இன்னும் தேர்த் திருவிழாக்களில் உயிரோடு இருக்கிறது. ஓடிவரும் தேரின் சக்கரத்துக்கு அடியில் சரியான நொடியில் கட்டையைச் செருகி, அதை நிறுத்துவதும் திருப்புவதும் தனித் தொழில். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. ஆனாலும் வீதி முனைகளில் தேரைத் திருப்ப முட்டுக்கட்டைக்காரர்கள் இல்லாமல் முடியாது.

கும்மிடிப்பூண்டியில் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டையைப் பார்க்கத் திருவிழா வரை காத்திருக்க வேண்டியதில்லை. சிப்காட் பக்கம் போனால், நிற்கிற பழைய லாரி ஒவ்வொன்றின் பின் சக்கரத்துக்கும் அடியில் ஒரு கட்டையோ கருங்கல்லோ இருக்கும். உள்ளே டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் கை பிரேக் என்று ஒரு நெம்புகோலும் இருக்கும். அது இருக்கும்போது கல் எதற்கு என்பதுதான் இந்தக் கட்டுரை.

மோட்டார் வண்டிக்கு இரண்டு பிரேக் வேண்டும் என்பது பழைய பாடம். ஓடும் வண்டியை நிறுத்தக் காலால் மிதிப்பது ஒன்று, நின்ற வண்டி நகராமல் பிடித்து வைக்கக் கையால் இழுப்பது மற்றொன்று. ஒன்று கெட்டாலும் மற்றது பிடிக்க வேண்டும். இப்போதும் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 96-ஆம் விதி இதைத்தான் கேட்கிறது. டிரம்முக்குள் இரண்டு ஷூக்கள் விரிந்து அழுத்தும் பிரேக்கை 1902-இல் உருவாக்கியவர் பிரான்சின் லூயி ரெனோ. கையால் இழுப்பதைச் சக்கரம் வரை கொண்டுபோகச் சில வண்டிகளில் இரும்பு ராடுகள் இருந்தன, சிலவற்றில் கேபிள். உறைக்குள் ஓடும் அந்த வகைக் கேபிளுக்கு 1896-இல் காப்புரிமை பெற்றவர் எர்னஸ்ட் பௌடன். சைக்கிள் பிரேக்கில் இன்றும் நாம் பார்ப்பது அதுதான்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் ஆப்புக்குப் பெயர் என்ன தெரியுமா? உச்சரித்தால் 'கல்' என்றே காதில் விழும். நம் கல்லுக்கும் அதற்கும் உறவு கிடையாது, தற்செயல்தான். ஆனாலும் லாரிக்கு அடியில் கருங்கல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாடம் நினைவுக்கு வந்துவிடும்.

சென்னைக்கு வடக்கே லாரித் தொழில் வளர்ந்த கதை நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காக 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்ட எண்ணூர் கம்பெனி, 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. பாடியில் 1962-இல் பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும் வந்தன. பிரேக் என்ற பொருளுக்கே தாய்வீடு போல நம் வட்டாரம் ஆயிற்று. அங்கே செய்த பிரேக்குகள் ஓடிய சாலையில்தான் கும்மிடிப்பூண்டியும் இருக்கிறது. கல்கத்தா நெடுஞ்சாலை, இரும்பு உருக்கும் உலைகள், கம்பி இழுக்கும் மில்கள், எளாவூர் சோதனைச் சாவடி. கிழக்கே பழவேற்காடு ஏரி, அதற்கு அப்பால் கடல்.

அந்தக் கடல்தான் வில்லன். கை பிரேக் கேபிளுக்கு உள்ளே இருப்பது முறுக்கிய மெல்லிய எஃகுக் கம்பிகள். பட்டறையில் 'இன்னர்' என்பார்கள். மேலே உறை, 'அவுட்டர்'. வண்டிக்கு அடியில், சக்கரம் வாரி அடிக்கும் சேற்றிலும் தண்ணீரிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. மேலே உள்ள பிளாஸ்டிக் ஒரு இடத்தில் கீறினால் போதும், உப்பு கலந்த ஈரம் உள்ளே போய்விடும். போன ஈரம் வெளியே வராது. இரும்பை விடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். எனவே துரு உப்பி, இன்னரையும் அவுட்டரையும் ஒன்றாகக் கட்டிப்போடுகிறது. வெளியே பார்த்தால் கேபிள் முழுதாகத்தான் தெரியும்.

இரும்பின் மேல் துத்தநாகம் பூசித் துருவைத் தள்ளிப்போடும் முறைக்கு 1837-இல் காப்புரிமை எடுத்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான், ஸ்தனிஸ்லாஸ் சொரேல். நம் கூரைத் தகடு, வாளி எல்லாம் அவர் புண்ணியம். பூச்சுள்ள கம்பியில் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கும். ஆனால் இன்னர் ஓடி ஓடி உரசும் இடத்தில் பூச்சு தேய்ந்துவிடும். உப்புக் காற்றில் அது கரைவதும் சீக்கிரம்.

இதில் மனிதன் செய்யும் வேலைதான் சுவாரசியம். கேபிள் இறுகினால் முதலில் நடப்பது பிரேக் பிடிக்காமல் போவது அல்ல, பிடித்தது விடாமல் போவது. நெம்புகோலை இறக்கிய பின்னும் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும். டிரம் சூடாகும், லைனிங் கருகும், டீசல் வீணாகும். ஒரு முறை இப்படி நடுவழியில் மாட்டிக்கொண்ட டிரைவர் மறுபடி கை பிரேக்கைத் தொடுவாரா? கியரில் போட்டுவிட்டுக் கல்லை வைப்பார். அசையாத கேபிள் இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். பயந்து பயன்படுத்தாமல் விட்டதாலேயே முழுக்கக் கெட்டது என்று சொல்லலாம். கையால் அடிக்கடி இழுத்து விட்ட கேபிள்தான் நாள் உழைக்கும் என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். இறுகியதில் எண்ணெய் விட்டு, ஆட்டி ஆட்டி இளக்குவதும் உண்டு. அது எஃப்.சி. காட்டும் நாள் வரை தாங்கும். இழை அறுந்த கேபிளை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்ப்பது என் பழைய உத்தியோகத்தின் பழக்கம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு, டிரைவர் இறங்கிப் போகும்போது இயந்திரத்தை நிறுத்திப் பிரேக் போட வேண்டும், அல்லது வண்டி தானாக நகராதபடி வேறு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 'வேறு நடவடிக்கை' என்ற அந்த இரண்டு சொல்லுக்குள் நம் கருங்கல்லும் வந்துவிடுகிறது. சட்டம் எழுதியவர்கள் ஊர் உலகம் அறிந்தவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் கல்லின் கணக்கை யார் தீர்ப்பது? கம்பிக் கட்டு ஏற்றிய லாரி பின்னால் உருளும்போது, சக்கரத்துக்கு அடியில் கை நீட்டுவது கிளீனர் பையன். கூலி குறைந்தவன் அவன்தான். லாரி கிளம்பும் அவசரத்தில் அந்தக் கல்லைச் சாலையிலேயே விட்டுவிட்டுப் போவதும் வழக்கம். இரவு ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு, விளக்கில்லாத இடத்தில் அது தெரியாது. கேபிள் மாற்றும் செலவு லாரிக்காரருடையது, மாற்றாததன் செலவு வேறு யாருடையதோ.

பெரிய லாரிகளில் இந்தக் கேபிளே இப்போது இல்லை. அங்கே இருப்பது காற்று பிரேக், அதோடு ஸ்பிரிங் பிரேக். யோசனை ரயிலில் பிறந்தது. அமெரிக்காவின் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-இல் செய்த தானியங்கிப் பிரேக்கில், குழாயில் காற்று குறைந்தால் பிரேக் தானே பிடிக்கும். லாரியின் ஸ்பிரிங் பிரேக்கும் அந்தப் புத்திதான். பலமான ஸ்பிரிங் ஒன்று எப்போதும் பிரேக்கை அழுத்தக் காத்திருக்கிறது, காற்றுதான் அதைப் பின்னுக்குத் தள்ளி வைக்கிறது. காற்று கசிந்து போனால் வண்டி நகராது. காலையில் இஞ்சினை ஓடவிட்டு, காற்று ஏறும் வரை டிரைவர் டீ குடித்துக்கொண்டு நிற்பது இதனால்தான். பழைய கேபிள் அறுந்தால் வண்டி ஓடும், இது கெட்டால் வண்டி நிற்கும். நூறு ஆண்டு முன்னேற்றம் என்றால் அது இதுதான் என்பேன்.

உப்புக் காற்று இங்கேயும் சும்மா இருப்பதில்லை. ஸ்பிரிங் இருக்கும் டப்பாவும் துருப்பிடிக்கும். அதைக் கழற்றத் துணியும் அனுபவமில்லாத மெக்கானிக்குக்கு உயிர் ஆபத்தே உண்டு, உள்ளே அடைபட்ட ஸ்பிரிங்கின் விசை அவ்வளவு. வழியில் காற்றில்லாமல் நின்ற லாரியை இழுத்துப் போக வேண்டுமானால், டப்பாவின் பின்னால் ஒரு நீளமான போல்டைத் திருகி ஸ்பிரிங்கை ஒடுக்கிப் பிரேக்கை விடுவிப்பார்கள். அதற்கு முன்னால் செய்யும் முதல் வேலை, சக்கரத்துக்கு அடியில் கட்டை வைப்பது.