ஒரு நூல் இடைவெளி: கேரம் பலகையின் அளவும் கணினி வரைவும்

பில்லியர்ட்ஸ் கோலை இன்று கணினித் திரையிலேயே வடிவமைக்கலாம். அடியிலிருந்து நுனிவரை அது எப்படிச் சிறுக்கிறது, எடை எந்த இடத்தில் நிற்கிறது என்பதை மரத்தைக் கடைவதற்கு முன்பே மென்பொருள் சொல்லிவிடும். கோலால் ஆடும் ஸ்நூக்கரின் விதிகள் 1882இல் ஊட்டி கிளப்பில் முறைப்படுத்தப்பட்டவை. ஆனாலும் அந்த ஆட்டம் கிளப்புகளுக்குள்ளேயே நின்றுவிட்டது. வடசென்னையின் இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைத் தெருக்களில் வேரூன்றியது கோல் இல்லாத கேரம்தான்.

அந்தக் கேரத்துக்குப் பன்னாட்டுக் கூட்டமைப்பு உருவானதும் 1988இல் சென்னையில்தான். 1991, 1995 உலகப் பட்டங்களை வென்ற மரிய இருதயம் 1996இல் அர்ஜுனா விருது பெற்றார். 2024 உலகக் கோப்பையில் புதுவண்ணாரப்பேட்டை காசிமா தங்கம் வென்றார். ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதிய அளவுக்குப் பலகையைப் பற்றி நாம் எழுதவில்லை.

விதிப்புத்தகத்தில் பலகையின் அளவுகள் சென்டிமீட்டரில் உள்ளன. விரலால் சுண்டும் ஸ்ட்ரைக்கரின் விட்டம் 4.13க்கு மிகக்கூடாது, பாக்கெட் 4.45, காய் 3.02 முதல் 3.18 வரை, சுற்றுக் கட்டையின் அகலம் குறைந்தது 6.35. மெட்ரிக் முறையில் சிந்தித்தவர் யாரும் 4.13 என்ற எண்ணைத் தேர்ந்திருக்கமாட்டார். தச்சர் கணக்கில், எட்டு நூல் ஒரு இஞ்ச் என்று வைத்துப் பார்த்தால் புதிர் அவிழ்கிறது. ஸ்ட்ரைக்கர் ஒரு இஞ்ச் ஐந்து நூல், பாக்கெட் ஒரு இஞ்ச் ஆறு நூல், காயின் உச்ச அளவு ஒரு இஞ்ச் இரண்டு நூல், கட்டை இரண்டரை இஞ்ச். ஸ்ட்ரைக்கருக்கும் பாக்கெட்டுக்கும் இடையே மிஞ்சுவது சரியாக ஒரு நூல். பட்டறையில் முன்பே புழங்கிய அளவைத்தான் விதி எழுதியவர்கள் சென்டிமீட்டருக்கு மாற்றிக்கொண்டார்கள் என்பது என் முடிபு. நடுவிலுள்ள வெளிவட்டத்தின் 17 சென்டிமீட்டர் மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது; அது பிற்காலச் சேர்க்கையாக இருக்கலாம்.

இது கேரத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இந்தியாவில் 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு நிறுவனத்தின் திருவொற்றியூர் ஆலைக்கு வந்த புல்லட்டும் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இஞ்ச் கணக்கில் பிறந்த வண்டிதான். மறு ஆண்டே நாட்டில் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்துவிட்டது. இரண்டு அளவுகளையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு வேலை செய்த தலைமுறை ஒன்று இந்த வட்டாரத்தில் இருந்தது.

அப்படிக் கையில் பிடித்த அளவுகளை இன்று கணினியில் வரையலாம். கணினி வரைவின் கதை 1963இல் ஐவன் சதர்லாண்டின் ‘ஸ்கெட்ச்பேட்’ நிரலோடு தொடங்குகிறது. 1982இல் ‘ஆட்டோகேட்’ வந்தபின் அது சிறு பட்டறைக்கும் எட்டும் கருவியானது. கோலைப் போலவே ஸ்ட்ரைக்கரும் ஓர் அச்சைச் சுற்றிக் கடையும் வடிவம். திரையில் வரைவது எளிது. எடையில்தான் சிக்கல். விதிப்படி 15 கிராமைத் தாண்டக்கூடாது. தந்தமும் உலோகமும் கூடாது. அக்ரிலிக்கில், முழு விட்டத்தில் செய்தால் தடிமன் ஏறக்குறைய ஒன்பதரை மில்லிமீட்டர் வரும். விட்டத்தை 4 சென்டிமீட்டராகக் குறைத்தால் அதே எடைக்குப் பத்து மில்லிமீட்டருக்குச் சற்று மேலே போகிறது. லேத்தில் பலமுறை கடைந்து, தராசில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதை மென்பொருள் ஒரு நொடியில் சொல்கிறது.

பலகையின் பரப்பு மட்டும் மென்பொருளுக்குப் பிடிகொடுப்பதில்லை. பரப்பின் வழுவழுப்புக்கு விதி நேரடியான அளவு எதுவும் தரவில்லை. 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு வேகத்தில் சுண்டினால் அது குறைந்தது மூன்றரை முறை போய்வர வேண்டும், அவ்வளவுதான். யார் விரல், எவ்வளவு வேகம் என்று வரைபடத்தில் குறிக்க இடமில்லை. என் பார்வையில், அளவுத் தரப்படுத்தலில் இன்னும் முடியாமல் கிடக்கும் பகுதி இதுவே.

நூல் கணக்குக்கு நேரடிச் சான்று 1988க்கு முந்தைய பலகைகளில்தான் கிடைக்கும். மன்றத்திலோ வீட்டுப் பரணிலோ அப்படி ஒன்று கிடந்தால், விறகுக்குப் போவதற்குள் இஞ்ச் டேப் வைத்து அளந்து, பாக்கெட்டின் விட்டத்தையும் கட்டையின் அகலத்தையும் எழுதி வையுங்கள்.