அண்டை

‘அண்டு’ என்றால் நெருங்கு, சார்ந்து நில். அந்த வினையில் பிறந்த பெயர் ‘அண்டை’. அண்டை வீடு என்னும்போது பக்கம். வயலில் அண்டை கட்டும்போது வரப்பு. சாயும் சுவருக்கு அண்டை கொடுக்கும்போது முட்டு. அறப்பளீசுவரர் கோயில் இருக்கும் கொல்லிமலை வளப்பூர் நாட்டில் மூன்று பொருளுக்கும் வேலை உண்டு. சரிவை வெட்டிச் சமன் செய்துதான் அங்கே வயலும் வீடும். வெட்டிய இடத்தில் மேல்மண் பக்கப் பிடிப்பை இழக்கிறது. அதற்கு அண்டை தேவை.

மண்ணுக்கு அண்டையாக எழுப்பும் சுவரைச் செய்தித்தாள்கள் ‘தடுப்புச்சுவர்’ என்கின்றன. ‘தாங்குசுவர்’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆளையோ மாட்டையோ மறிக்கும் சுவரல்ல இது. மண்ணின் பக்கவாட்டுத் தள்ளலை இரவும் பகலும் சுமப்பது. மேலே கட்டடம் இருந்தால் அதன் எடையும் அந்தத் தள்ளலில் சேரும். மழைநீர் பின்னால் தேங்கினால் நீரழுத்தமும் கூடும். சுவரில் வடிதுளைகள் விடுவது அதனால்தான். அவற்றை அடைப்பது பெருந்தவறு.

மலைச்சரிவுக்கு மட்டுமல்ல, சமவெளியில் தோண்டும் பள்ளத்துக்கும் அண்டை தேவை. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழையில் சென்னை வேளச்சேரியில் கட்டுமானத்துக்காகத் தோண்டிய சுமார் 50 அடிப் பள்ளத்தின் ஓரம் சரிந்தது. இருவர் உயிரிழந்தனர். கட்டடத்தை ஒட்டி ஆழமாகத் தோண்டுவோர் முதலில் பள்ளத்தின் விளிம்பில் காங்கிரீட் தூண்களை வரிசையாக இறக்க வேண்டும், பிறகே மண்ணைப் படிப்படியாக எடுக்க வேண்டும். ஆழம் கூடக்கூடக் குறுக்கு முட்டுகளும் வேண்டும்.